கல்லில் நிற்கும் கடல்

(வட்டத்தின் திங்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூல்களைப் பற்றியே பேசிப் பழகிய இந்த அவையில் ஊர்களைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்திருக்கிறார். ஜோர்தான் நாட்டில் நான் சென்று கண்ட இரண்டு இடங்களைப் பற்றிச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். ஒன்று மாதபா என்னும் சிறு நகரம். தலைநகர் அம்மானுக்குத் தென்மேற்கே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் உள்ளது. பழங்கால மொசைக் தரைகளால் பெயர் பெற்றது. மற்றொன்று, அங்கிருந்து மலையிறங்கினால் வந்து சேரும் சாக்கடல். ஆளை மூழ்கவொட்டாத அதன் உப்பு நீரில் மல்லாந்து கிடந்து இளைப்பாறுவதற்காக உலகெங்குமிருந்து மக்கள் நாடி வருகின்றனர்.

சுற்றுலா நடத்துவோர் இவ்விரண்டையும் ஒரே நாளில் அடக்கிவிடுகின்றனர். மாதபாவுக்குக் காலையில் ஒரு மணி நேரம். எஞ்சிய பொழுதெல்லாம் கடற்கரைக்கு. என் கருத்தில் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். மாதபாவின் தரையை நின்று நிதானமாகப் படித்தவருக்குத்தான் கீழே கிடக்கும் கடலுக்கு என்ன நேர்ந்துகொண்டிருக்கிறது என்பது விளங்கும். நான் சொல்ல வந்தது இதுதான்.

முதலில் மொசைக் என்ற சொல்லைப் பற்றி. இச்சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது, சிமெண்டில் கற்சில்லுகளைக் கலந்து பரப்பி, இயந்திரத்தால் தேய்த்து மெருகேற்றிய நம் வீட்டுத் தரை. நான் பேசப்போவது அதுவன்று. அக்காலக் கலைஞர்கள் நிலத்தைக் கெட்டிப்படுத்திக் கற்களைப் பரப்பினர். அதன்மேல் சுண்ணாம்பும் சாம்பலும் கலந்த காரையை இட்டனர். எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய சுண்ணச் சாந்தை இழைத்தனர். அந்தச் சாந்து ஈரமாக இருக்கும்போதே ஒரு செண்டிமீட்டர் அளவுள்ள கற்கட்டிகளை ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். காய்ந்துவிட்டால் கல் பிடிக்காது. ஆதலால் ஒரு நாளில் எவ்வளவு பதிக்க இயலுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டுமே அன்றன்று சாந்து பூசினர். நிறங்கள் பெரும்பாலும் சாயம் ஏற்றியவை அல்ல. வெண்மை, கருமை, மஞ்சள், செம்மை என இயற்கையாகவே நிறம் அமைந்த சுண்ணக்கற்கள் அவை. அதனால்தான் ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கடந்தும் மங்கவில்லை. நீர் தெளித்துத் துடைத்தால் நேற்றுப் பதித்தவை போல எழுந்து வருகின்றன.

காலால் மிதிக்கும் தரையில், அதுவும் தேவாலயத்தின் உள்ளே, ஓவியம் தீட்டலாமா என்று நமக்கு ஒரு துணுக்குறல் ஏற்படும். அவர்களுக்கும் ஏற்பட்டிருக்கிறது. சிலுவைக் குறியைத் தரையில் பொறிக்கலாகாது என்று 427-ஆம் ஆண்டில் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் ஆணையிட்டார். அந்த ஆணையை எல்லோரும் பின்பற்றினர் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் மாதபா வட்டாரத்தின் தரைகளைப் பார்க்கும்போது, வணங்கத்தக்கவற்றைச் சுவருக்கு விட்டுவிட்டு, தரைக்கு உலகத்தை வைத்துக்கொண்டார்கள் என்றே தோன்றுகிறது. திராட்சைக் கொடிகள், வேட்டைக்காரர்கள், ஆட்டு மந்தைகள், மீன்கள், பழக்கூடைகள், ஊர்கள். இறுதியில் ஒரு நாட்டின் வரைபடமே தரையாகிவிட்டது. அதற்கு வருகிறேன்.

மாதபா மிகப் பழைய ஊர். தமிழ் விவிலியத்தில் மேதேபா என்று வருவது இதுதான். மோவாப் நாட்டு மன்னன் மேசா நாட்டிய கல்வெட்டிலும் இதன் பெயர் உண்டு; 1868-இல் திபானில் கண்டெடுக்கப்பட்ட அக்கல்வெட்டு இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்னர் உரோமானியர் ஆட்சி. அதன்பின் பைசாந்தியப் பேரரசின் காலம். அப்போது இது ஓர் ஆயரின் இருப்பிடம். ஏழாம் நூற்றாண்டில் இஸ்லாமிய ஆட்சி வந்தது. 749-ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கம் அந்த வட்டாரத்தையே குலைத்தது. ஊர் மெல்ல மெல்லக் கைவிடப்பட்டு மண்மேடாயிற்று.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிடந்த அந்த மேட்டின் மீது, 1880-ஐ ஒட்டி, தெற்கே கராக்கிலிருந்து புறப்பட்டு வந்த கிறித்தவக் குடும்பங்கள் குடியேறின. அவர்கள் தொல்லியலாளர்கள் அல்லர். வீடு கட்ட இடம் தேடி வந்தவர்கள். அடித்தளம் தோண்டிய இடமெல்லாம் வண்ணத் தரை. சிலர் அதையே தம் வீட்டுத் தரையாக வைத்துக்கொண்டு அதன்மேல் குடித்தனம் நடத்தினர். நம் காலத்து அறிஞர்கள் இதைக் கேட்டால் பதறுவார்கள். ஆனால் எண்ணிப் பாருங்கள்: வாழும் வீட்டின் தரையாக இருந்ததால் அவற்றை யாரும் பெயர்த்துக்கொண்டு போகவில்லை. சிதைந்தவை பல, எனினும் நிலைத்தவை நிலைத்ததற்கு இந்தக் குடித்தனங்களும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

அப்படி வீடுகளுக்கிடையே வெளிப்பட்டவற்றுள் ஒன்று, இன்று தொல்லியல் பூங்காவுக்குள் இருக்கும் ஹிப்போலிட்டஸ் மண்டபம். இலக்கிய அன்பர்கள் தவறவிடக் கூடாதது. யூரிப்பிடீசின் நாடகத்தால் நாம் அறிந்த கதைதான்: மாற்றாந்தாய் பேத்ரா தன் கணவனின் மகன் ஹிப்போலிட்டஸ் மீது கொண்ட தகாத காதல். இங்கே பேத்ரா தோழியருடன் காணப்படுகிறாள். மேலே காதல் தெய்வமான அப்ரோடைட்டி, குறும்பு செய்த ஈரோசைச் செருப்பைக் கையில் எடுத்து அடிக்க ஓங்குகிறாள். ஒவ்வோர் உருவின் அருகிலும் கிரேக்க எழுத்தில் பெயர் பொறித்திருக்கிறார்கள். இது புறச்சமயக் காலத்துப் படைப்பன்று. ஆறாம் நூற்றாண்டு, ஊர் முழுவதும் தேவாலயங்கள் எழுந்துவிட்ட காலம். அப்போதும் வசதி படைத்த ஒருவர் வீட்டில் பழைய நாடகக் கதை தரையில் விளங்கியிருக்கிறது. ஓரத்தில் மூன்று பெண்கள் வீற்றிருக்கின்றனர். ஒருத்தி உரோம், ஒருத்தி கிரிகோரியா, ஒருத்தி மாதபா. பேரரசின் தலைநகரோடு தன் சிற்றூரையும் ஒரே வரிசையில் அமர்த்திப் பார்த்த அந்த மாதபாக்காரரின் ஊர்ப்பற்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சிறிது காலத்திற்குப் பின் இம்மண்டபத்தின் மேலேயே கன்னி மரியாளுக்கு ஒரு தேவாலயம் எழுப்பப்பட்டது. கதை அதன் அடியில் பத்திரமாகப் புதைந்தது.

அருகே அப்போஸ்தலர் தேவாலயம். 578-ஆம் ஆண்டைச் சேர்ந்த தரை. நடுவட்டத்தில் அலைகளினின்று எழும் ஒரு பெண்; சுற்றிலும் மீன்களும் கடல் விலங்குகளும். அவள் பெயர் தலஸ்ஸா. கடல் என்பது பொருள். செய்த கலைஞன் சலமானியோஸ் தன் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறான். பாலையின் விளிம்பில், மேட்டுநிலத்தில் உள்ள ஊரில், கடலைப் பெண்ணாக்கி நடுவில் வைத்தவனை நினைவில் கொள்ளுங்கள்.

இனி வரைபடம். புனித ஜார்ஜ் பெயரில் உள்ள கிரேக்க மரபுவழித் தேவாலயத்தில் அது இருக்கிறது. கட்டடம் 1896-இல் நிறைவுற்றது. அது நிற்பது பழைய பைசாந்தியத் தேவாலயத்தின் இடிபாட்டின் மேல். கட்டும்போதே தரையில் பழைய பதிப்பு இருப்பது தெரிந்திருந்தது. இருந்தும் கட்டுமானத்தால் அதன் சில பகுதிகள் அழிந்தன; இன்றும் ஒரு தூண் வரைபடத்தின் மேலேயே நிற்கிறது. எருசலேமிலிருந்து வந்து பார்த்த நூலகர் கிளியோபாஸ் கோய்கிலிடஸ் என்பவர் 1897-இல் அதைப் பற்றி எழுதி வெளியிட்ட பிறகே உலகம் அறிந்தது. 1965-இல் செருமானிய வல்லுநர்கள் அதைச் செப்பனிட்டுப் பாதுகாத்தனர்.

மூல அளவில் கால்பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் எஞ்சியிருக்கிறது. ஆனால் எஞ்சியதே பெரும் செல்வம். வடக்கே லெபனானை ஒட்டிய நிலத்திலிருந்து தெற்கே எகிப்தில் நைல் ஆறு கிளைபிரியும் இடம் வரைக்கும் பரந்த நாடு. அதன் ஊர்கள், ஆறுகள், மலைகள். ஒவ்வொன்றுக்கும் கிரேக்கத்தில் பெயர். நம் வரைபடங்களில் வடக்கு மேலே இருக்கும். இதில் கிழக்கு மேலே. தேவாலயத்தில் பலிபீடத்தை நோக்கி நிற்பவர் கிழக்கு நோக்கி நிற்கிறார்; அவர் நிற்கும் திசைக்கு ஏற்பவே நாடும் விரிகிறது. வேடிக்கை என்னவென்றால், எஞ்சிய பகுதியில் மாதபா இல்லை. தன்னைத் தவிர மற்ற ஊர்களையெல்லாம் காட்டிக்கொண்டு அமர்ந்திருக்கிறது அந்த ஊர்.

இது வெறும் அலங்காரம் அன்று என்பதற்குச் சான்றுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்து வந்துள்ளன. வரைபடத்தின் நடுநாயகமாக எருசலேம் முட்டை வடிவில் உள்ளது. வடக்கு வாயிலின் உட்புறம் ஒரு தனித்த தூண் வரைந்திருக்கிறது. அத்தூண் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. ஆனால் அரபு மக்கள் அவ்வாயிலை இன்றும் பாப் அல்-அமூத், அதாவது தூண் வாயில், என்றே அழைக்கின்றனர். நகரின் நடுவே இருபுறமும் தூண் வரிசை அமைந்த ஒரு பெருந்தெரு. அதன் தென்பகுதியில் 542-ஆம் ஆண்டில் அர்ப்பணிக்கப்பட்ட புதிய தேவாலயம். 1970-களில் நாமான் அவிகாத் தலைமையில் நடந்த அகழாய்வில் அந்தத் தெருவும் தேவாலயமும் வரைபடம் காட்டிய இடத்திலேயே வெளிப்பட்டன. அந்தத் தேவாலயம் இதில் இருப்பதாலும், 570-க்குப் பிந்திய கட்டடங்கள் இல்லாததாலும், இவ்விரு ஆண்டுகளுக்கு இடைப்பட்டதென இதன் காலத்தைக் கணித்திருக்கிறார்கள். சாக்கடலின் தென்கிழக்கு ஓரத்தில் புனித லோத்தின் தலம் என்று ஒரு குறிப்பு உண்டு. இஸ்லாமியர் லூத் நபி என்று போற்றுபவரும் அவரே. அந்தக் குறிப்புக்கு ஒப்ப, 1988 முதல் நடந்த அகழாய்வில் மலைச்சரிவில் லோத்தின் பெயரால் அமைந்த தேவாலயமும் துறவியர் மடமும் கிடைத்தன.

ஆகவே இந்தக் கலைஞன் பார்த்துச் செய்தவன், அல்லது பார்த்தவரிடம் கேட்டுச் செய்தவன். அவன் சாக்கடலை எப்படிக் காட்டியிருக்கிறான் என்பதை இந்த நம்பிக்கையோடு பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் மிகப் பெரிய உருவம் அந்தக் கடல்தான். அதற்கு மூன்று பெயர்களை எழுதியிருக்கிறான்: உப்பு ஏரி, நிலக்கீல் ஏரி, சாக்கடல். தமிழ் விவிலியம் உப்புக்கடல் என்கிறது. நாம் சாக்கடல் என்றும் சவக்கடல் என்றும் எழுதுகிறோம். இந்த மூன்றில் முதலிரண்டு பெயர்களும் அது கொடுத்ததைச் சொல்கின்றன. உப்பு கொடுத்தது. அடியிலிருந்து கட்டி கட்டியாக மேலெழுந்து மிதந்த நிலக்கீலும் கொடுத்தது. நபத்தேய மக்கள் அதைச் சேகரித்து விற்றார்கள். எகிப்தில் உடல்களைப் பதப்படுத்த அது பயன்பட்டது. மூன்றாவது பெயர் ஒன்றுதான் அதற்கு இல்லாததைச் சொல்கிறது. உலகம் அந்த மூன்றாவதையே பிடித்துக்கொண்டது.

அந்தக் கடலில் இரண்டு படகுகள் செல்கின்றன. ஒன்றில் வெண்ணிறக் குவியல், மற்றொன்றில் வேறு நிறக் குவியல். உப்பும் தானியமும் ஆகலாம் என்கிறார்கள். கீழ்க்கரையில் கல்லிரோவே வெந்நீரூற்றுகள் குறிக்கப்பட்டிருக்கின்றன. வடக்கே யோர்தான் ஆறு வருகிறது. ஆற்றின் குறுக்கே கயிறு கட்டி, அதைப் பற்றி இழுத்துச் செல்லும் ஓடங்கள் இரண்டு இடங்களில் உள்ளன. ஆற்றில் மீன்கள் நீந்துகின்றன. முகத்துவாரத்தருகே ஒரு மீன் நீரோட்டத்தோடு கடலை நோக்கிப் போகிறது. எதிரே ஒரு மீன் கடலுக்கு முதுகைக் காட்டி ஆற்றை நோக்கித் திரும்பி வருகிறது. உப்பின் கடுமையைச் சொல்ல அவன் ஒரு சொல்லையும் செலவிடவில்லை. ஒரு மீனைத் திருப்பி விட்டான்.

படகுகளைச் சற்றுக் குனிந்து பார்த்தால் வேறொன்று தெரியும். படகோட்டிகளுக்கு முகமில்லை. உடலின் எல்லைக்கோடு மங்கலாக இருக்கிறது. உள்ளே கற்கள் தாறுமாறாகக் கலந்து கிடக்கின்றன. எட்டாம் நூற்றாண்டில், உயிருள்ளவற்றின் உருவம் கூடாது என்ற கொள்கை மேலோங்கியபோது, இந்த வட்டாரத்தின் தரைகள் பலவற்றில் உருவங்கள் கலைக்கப்பட்டன. தெற்கே உம் அர்ரசாசில் உள்ள புனித ஸ்தேவான் தேவாலயத்தின் தரை இன்னும் சிறந்த எடுத்துக்காட்டு. அவ்விடம் 2004-இல் உலக மரபுச் சின்னமாயிற்று. அங்கே படகில் நிற்கும் சிறுவர்களும் கொடை அளித்தவர்களும் வெறும் கல் கலவையாய் நிற்கிறார்கள். கலீபா இரண்டாம் யசீதின் ஆணையே காரணம் என்பர் சிலர். கிறித்தவர்களிடையே எழுந்த கருத்து மாற்றமே என்பர் வேறு சிலர். எதுவாயினும், கலைத்தவர்கள் சம்மட்டியால் உடைத்துப் போடவில்லை. கற்களைப் பெயர்த்து, அதே கற்களைக் கலைத்து, அதே குழியில் சாந்திட்டுத் திரும்பப் பதித்திருக்கிறார்கள். அந்தத் தரையின் மேல் வழிபாடு தொடர்ந்தது. அழித்தவன் கைகளிலும் ஒரு தொழிலறிவும் அக்கறையும் இருந்தன என்பதே எனக்கு அன்று வியப்பாய் இருந்தது. வரைபடத்தில் மானைத் துரத்தும் சிங்கத்தின் உருவம் கலைந்தது, மான் தப்பிற்று. மீன்களும் தப்பின.

மாதபாவிலிருந்து மேற்கே பத்து கிலோமீட்டர் அளவில் நேபோ மலை. வாக்களிக்கப்பட்ட நாட்டை மோசே கண்ணால் மட்டும் கண்டு, அதில் கால் வைக்காமலே இறந்தார் என்று மரபு சொல்லும் இடம். மலையுச்சித் தேவாலயத்தில் 530-ஆம் ஆண்டுத் தரை ஒன்று, வேட்டையும் மேய்ச்சலுமாக, ஏறக்குறைய முழுமையாக இருக்கிறது. சோவெலோஸ், கயோமோஸ், எலியாஸ் என மூன்று கலைஞர்கள் பெயர் பொறித்திருக்கிறார்கள். பிரான்சிஸ்கன் துறவியர் 1933 முதல் இங்கே அகழாய்ந்தனர். அவர்களுள் இத்தாலியரான மிக்கேலே பிச்சிரில்லோ தம் வாழ்நாளையே ஜோர்தானின் தரைகளுக்குக் கொடுத்தவர். 1992-இல் மாதபாவில் மொசைக் பள்ளி ஒன்று தோன்ற அவரே காரணர். உள்ளூர் இளைஞர்கள் பழைய தரைகளைச் செப்பனிடும் கலையை அங்கே கற்றனர். 2008-இல் இத்தாலியில் மறைந்த அவருடைய உடல் நேபோ மலையில் அடக்கம் செய்யப்பட்டது.

அம்மலையின் விளிம்பில் நின்று மேற்கே நோக்கினால் யோர்தான் பள்ளத்தாக்கும் சாக்கடலும் காலடியில் கிடக்கின்றன. காலையில் தரையில் படித்த வரைபடம் அப்படியே விரிந்திருக்கிறது. கண் தானாகவே படகுகளைத் தேடுகிறது. படகுகள் இல்லை. ஆறு எங்கே என்று தேடினால், ஒரு பசுங்கோடு மட்டுமே தெரிகிறது.

பின்னர் இறக்கம். சாலை வளைந்து வளைந்து கடல்மட்டத்தைக் கடந்து மேலும் கீழே போகிறது; காது அடைக்கிறது. உலகின் நிலப்பரப்பில் மிகத் தாழ்ந்த இடம் இந்தக் கரை. இன்று கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 440 மீட்டர் கீழே உள்ளது.

மிதப்பதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்கள் மன்னிக்கமாட்டீர்கள். கடல்நீரைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு உப்பு; எடையில் மூன்றில் ஒரு பங்கு கரைந்த உப்பே. அதன் அடர்த்தியால் உடலில் ஐந்தில் ஒரு பங்கு நீருக்கு வெளியே நின்றுவிடுகிறது. இடுப்பளவு நீரில் மெல்ல உட்கார முயன்றால், கால்கள் தாமே மேலே வந்துவிடுகின்றன. குப்புறத் திரும்புவதுதான் கடினம், திரும்பவும் கூடாது. ஏனெனில் இது சமையல் உப்பின் கரிப்பு மட்டுமன்று. மக்னீசிய உப்புகளே மிகுதி. நாவில் பட்டால் கடுங்கசப்பு, கண்ணில் பட்டால் தீ. உடலெங்கும் எண்ணெய் தடவியதுபோல் வழவழக்கிறது. கரையில் கருஞ்சேற்றைப் பூசிக்கொண்டு காயும்வரை நிற்கிறார்கள். படித்தவர், பணக்காரர், கிழவர், குழந்தை எல்லோரும் ஒரே நிறம். தோல் நோய்க்கு இங்கு வந்து தங்கி நலம் பெறுவோரும் உண்டு. அன்று நானும் அரை மணி நேரம் எடையற்றுக் கிடந்தேன். உடம்பு என்ற ஒன்று இருப்பதே மறந்துபோன அரை மணி நேரம் அது. அந்தச் சுகத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

இந்த இளைப்பாறல் நம் காலத்துக் கண்டுபிடிப்பு அன்று. கையும் காலும் கட்டி எறிந்தாலும் மனிதனோ விலங்கோ மூழ்காத ஏரி ஒன்று பாலஸ்தீனத்தில் இருப்பதாக அரிஸ்டாட்டில் கேள்விப்பட்டு எழுதினார். உரோமானியத் தளபதி வெஸ்பாசியன் அதைச் சோதிக்க, நீந்தத் தெரியாத சிலரைக் கைகளைப் பின்கட்டி உள்ளே எறியச் செய்தான். அவர்கள் மிதந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். எறியப்பட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதை அவர் எழுதவில்லை. நோய் முற்றிய நிலையில் ஏரோது மன்னன் கல்லிரோவே வெந்நீரூற்றுகளை நாடி வந்ததையும் அவரே பதிந்திருக்கிறார், நோய் தீரவில்லை.

இனி நான் முதலில் சொன்னதற்கு வருகிறேன். இந்தக் கடலுக்கு வெளியேறும் வழி இல்லை. வந்த நீர் வெயிலில் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். ஆவியாவதற்கு ஈடாக யோர்தான் நீரைக் கொண்டுவந்து கொட்டிய வரையில் கணக்குச் சரியாக இருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 130 கோடி கனமீட்டர் கொண்டுவந்த ஆறு, இப்போது அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கொண்டுவருவதில்லை. கலிலேயா ஏரியிலிருந்து நீரை எடுத்துச் செல்லும் இஸ்ரேலின் தேசிய நீர்வழி 1964-இல் இயங்கத் தொடங்கியது. அதே காலத்தில் யர்முக் ஆற்று நீரை ஜோர்தான் தன் கால்வாயில் திருப்பியது. சிரியா அதன் மேல்நிலையில் அணைகள் கட்டியது. 1960-களில் சுமார் 395 மீட்டர் தாழ்வில் இருந்த நீர்மட்டம், இப்போது ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கும் மேலாக இறங்கிக்கொண்டே போகிறது. நூறாண்டுக்கு முன் ஆயிரம் சதுரக் கிலோமீட்டர் அளவில் இருந்த பரப்பு, அறுநூறை ஒட்டிச் சுருங்கிவிட்டது. தென்பகுதி தனியே பிரிந்து போயிற்று. இன்று அங்கிருப்பவை உப்பளப் பாத்திகளே.

வடமேற்குக் கரையில் ஒரு பாறை இருக்கிறது. பாலஸ்தீன ஆய்வு நிதியத்தைச் சேர்ந்த ஆங்கிலேய ஆய்வாளர்கள் நீர்மட்டத்தை அளப்பதற்காக 1900-இல் அதில் ஒரு கோடு செதுக்கினார்கள். அன்று படகில் வந்து பார்த்த கோடு அது. இன்று அதன் கீழே சாலை ஓடுகிறது. கடல் அதற்கும் வெகுதொலைவு கீழே. கடலை ஒட்டிக் கட்டிய நீராடுமிடங்கள் கடலைத் தேடிப் படிகளை நீட்டிக்கொண்டே போகின்றன.

கடல் விலகிய இடத்தில் நிலமும் உறுதியாக இல்லை. அடியில் பழைய உப்புப் படிவங்கள் உள்ளன. உப்புநீர் பின்வாங்கிய இடத்துக்கு மலையிலிருந்து நன்னீர் கசிந்து வந்து அந்த உப்பைக் கரைக்கிறது. மேலே உள்ள நிலம் ஒருநாள் திடீரெனக் குழியாய் உள்வாங்குகிறது. இப்படிப்பட்ட குழிகள் ஆயிரக்கணக்கில் தோன்றியுள்ளன. பேரீச்சந்தோப்பும் சாலையும் முகாமும் கைவிடப்பட்டுள்ளன.

இதற்கு ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிதன்று. ஜோர்தான் உலகிலேயே மிகுந்த நீர்ப்பற்றாக்குறை உள்ள நாடுகளுள் ஒன்று. ஆற்று நீர் தக்காளியாகவும் வாழையாகவும் குடிநீராகவும் ஆகியிருக்கிறது. எஞ்சிய உப்புநீரை இரு கரைகளிலும் உள்ள ஆலைகள் பாத்திகளில் பாய்ச்சி ஆவியாக்கிப் பொட்டாஷ் உரம் எடுக்கின்றன. நீர்மட்டம் இறங்குவதில் அவற்றுக்கும் பங்குண்டு. பொட்டாஷ் உரத்துக்கு முழுவதும் வெளிநாட்டையே நம்பியிருக்கும் நம் நாடு, அதில் ஒரு பகுதியை ஜோர்தானிலிருந்தும் இஸ்ரேலிலிருந்தும் வாங்குகிறது. நம் வயல்களில் தூவிய உரத்தில் அந்தக் கடல் சிறிது வந்திருக்கக்கூடும். நாமும் இதில் முற்றிலும் வெளியாட்கள் அல்லோம். செங்கடலிலிருந்து நீர் கொண்டுவரும் திட்டத்துக்கு 2013-இல் ஜோர்தானும் இஸ்ரேலும் பாலஸ்தீனரும் கையொப்பமிட்டனர். 2021-இல் ஜோர்தான் அதைக் கைவிட்டது. கடல் அடியோடு வற்றிவிடாது என்கிறார்கள் அறிஞர்கள். நீர் குறையக் குறைய உப்பின் செறிவு ஏறும். செறிவு ஏறினால் ஆவியாவது குறையும். எங்கோ ஒரு தாழ்மட்டத்தில் அது நின்றுவிடும். மிதக்க வருவோர்க்கு அப்போதும் நீர் இருக்கும். வரைபடத்துக் கலைஞன் கண்ட ஆறுதான் இருக்காது.

சாக்கடல் என்ற பெயரே நம்மை ஏமாற்றிவிட்டது என்று எண்ணுகிறேன். செத்ததற்குச் சாவு ஏது என்ற அலட்சியம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. உண்மையில் ஆறும் கடலும் ஒரே உயிர். முகம் நீக்கச் சொன்ன காலத்தில்கூட, கல்லை எடுத்தவன் கல்லைத் திருப்பி வைத்தான். நாம் எடுத்த நீரைத் திருப்பி வைக்கும் வழியை இன்னும் காணவில்லை.

போக விரும்பும் அன்பர்களுக்கு ஓரிரு குறிப்புகள். மாதபாவில் ஓரிரவேனும் தங்குங்கள். காலையில் பேருந்துக் கூட்டம் வருமுன் புனித ஜார்ஜ் தேவாலயத்துக்குச் சென்றால் வரைபடத்தருகே அமைதியாக நிற்கலாம். ஞாயிறு காலையில் வழிபாடு நடக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கடலில் இறங்கும் முன் இரண்டு நாள் முகச்சவரம் செய்யாதீர்கள். சிறு கீறலும் எரியும். பழைய செருப்பு ஒன்று கொண்டு செல்லுங்கள். கரையில் உப்புப் படிகங்கள் காலைக் கிழிக்கும்.

மாதபாவின் கடைகளில் வரைபடத்தின் பகுதிகளைக் கல்லில் பதித்து விற்கிறார்கள். எருசலேமே அதிகம் விற்பனையாகிறது. நான் அந்தத் திரும்பி வரும் மீனை மட்டும் உள்ளங்கை அளவில் வாங்கி வந்தேன். இதோ, முன்வரிசையிலிருந்து அனுப்புகிறேன். சற்றுக் கனமானது, இரு கைகளாலும் வாங்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் செயலாளரிடம் சேர்த்துவிடுங்கள்.